கிடாய்க்கு வார்த்த ஷாம்பு

அச்சுவேலியில் றஜிதாவைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் நல்ல மனுசி என்றுதான் சொல்வார்கள். அது பொய்யில்லை. யாரோடும் சண்டைக்குப் போகமாட்டாள். செத்தவீடு என்றால் முதல் ஆளாய்ப் போய் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற நிற்பாள். சந்தையில் அவளுக்கு மரக்கறி நிறுப்பவர்கள் ஒரு கத்தரிக்காயைக் கூடுதலாய்ப் போட்டுத்தான் விடுவார்கள். அவளுக்கு இருந்தது ஒரேயொரு வியாதி. அந்த வியாதிக்குப் பெயர் தனுசியா.

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தனுசியாவின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். றஜிதாவினுடையது தோளுக்கு வரவே வருசக்கணக்காகும். பள்ளிக்கூட நாடகத்தில் தனுசியாவுக்குச் சீதை வேசம், றஜிதாவுக்குத் திரை இழுக்கிற வேலை. அதோடு முடிந்தது என்று பார்த்தால், கலியாணம் கட்டி இருவரும் வந்து சேர்ந்தது ஒரே ஒடுங்கின தெருவுக்கு, ஒரே ஒழுங்கைக்கு. நடுவில் ஒரு வேலி. தனுசியா வீட்டு மாமரம் காய்த்தால் றஜிதாவுக்கு அன்றைக்குத் தலையிடி வரும். தனுசியா கூடை நிறைய மாங்காய் கொண்டுவந்து கொடுத்தால் தலையிடி இன்னும் கூடும்.

ஷாம்பு செய்யத் தொடங்கியது றஜிதாதான். இதை இந்த இடத்திலேயே அடித்துச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊர் அதை மறந்துவிட்டது. பிரதேச செயலகத்தில் பெண்களுக்கு நடந்த ஒரு பயிற்சிக்குப் போனாள். செவ்வரத்தம் இலை, கற்றாழை, வெந்தயம், சீயாக்காய் என்று அரைத்து, காய்ச்சி, வடித்துப் போத்தலில் விட்டாள். வாசம் நன்றாக இருந்தது. ஆனால் நுரை வரவில்லை என்று சனம் குறை சொன்னது. நுரைக்காத ஷாம்புவை யார் வாங்குவார்கள்? றஜிதா உடுப்புத் தோய்க்கிற சோடாவை அள்ளிப் போட்டாள். விற்க முதல் தன் தலையில் போட்டுப் பார்ப்போம் என்று கிணற்றடியில் உட்கார்ந்து முழுகினாள்.

நுரை வந்தது. அன்று பின்னேரமே மண்டை நெருப்பாய் எரியவும் தொடங்கியது. கொஞ்ச நாளில் முன்பக்கத்து மயிர் சீப்போடு கொத்தாக வந்தது. டொக்டர் களிம்பு தந்தார். புண் ஆறியது, மயிர் மட்டும் திரும்பி வரவில்லை. அந்தப் பானை ஷாம்பு முழுவதையும் அவள் வீட்டு வளவுக்குப் பின்னால் கிடங்கு வெட்டி ஊற்றினாள். ஒரு போத்தல்கூட வெளியே போகவில்லை. ஒழுங்கையில் எத்தனையோ பெண்களின் தலை அன்றைக்குத் தப்பியது. அதற்காக அவளைப் பாராட்ட ஒருவருமில்லை, ஏனென்றால் அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. தலை போன ஷாம்புக்காரியிடம் யார் ஷாம்பு வாங்குவார்கள்? அன்று முதல் தலையை மூடி ஒரு துணி லேஞ்சி கட்டத் தொடங்கினாள். கேட்டவர்களுக்குத் தலையில் நீர் கோத்த பீனிசம் என்று சொன்னாள். டொக்டரை விட்டால் உள்ளே இருப்பதைக் கண்டவன் அவளுடைய புருசன், ஓட்டோ ஓடுகிற சுபாஸ் மட்டும்தான். பிறகு செய்முறையைத் திருத்தினாள். திருத்தியது நல்ல சாமான். இன்றைக்கும் நல்ல சாமான்.

தனுசியா அதைப் பழகியது றஜிதாவிடம்தான். வந்து கேட்டாள், றஜிதா சொல்லிக் கொடுத்தாள். ஏன் சொல்லிக் கொடுத்தாய் என்று சுபாஸ் கேட்டபோது, “கேட்டால் இல்லையெண்டு சொல்லேலுமே” என்றாள். சொல்லிக் கொடுத்துவிட்டு, அது தனுசியாவுக்குச் சரிவரக்கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். சரிவந்தது. நன்றாகவே வந்தது. எல்லாம் அந்தக் கிடாயால் வந்த வினை.

தனுசியாவின் புருசன் செந்தூரன் கோயில் வேள்வியில் பலி கொடுக்கவென்று ஒரு கிடாய் வளர்த்தான். பலாக்குழையும் பிண்ணாக்கும் தின்று அது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து நின்றபோது, இனிமேல் கோயிலில் வெட்டுவதில்லை என்று கோயில்காரர் முடிவெடுத்துவிட்டார்கள். கிடாய் மிஞ்சியது. தனுசியா அதற்குக் கறுவல் என்று பெயர் வைத்தாள். அதோடு, புதிதாகக் காய்ச்சிய ஷாம்புவை முதலில் கறுவலுக்கு வார்த்து, அடுத்தநாள் தோலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போத்தலில் விடுவது என்று ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டாள். அதை அவள் ஒளிக்கவில்லை. ஒழுங்கைக்கே கேட்கக் கதை சொல்லிச் சொல்லித்தான் அவனை முழுக வார்ப்பாள். கறுவலின் மயிர் மினுங்கியது. சனம் பார்க்க வந்தது. பெடியள் கழுத்தில் கைபோட்டுப் படம் எடுத்தார்கள். “கிடாய்க்கே ஒண்டும் செய்யேல்லை, எங்களுக்கு என்ன செய்யப்போகுது” என்று பெண்கள் இரண்டு இரண்டு போத்தலாக வாங்கிப் போனார்கள்.

றஜிதா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பாள். தனுசியாவின் கூந்தலைப் பார்த்துப் பொறாமைப்பட்டது பழைய கதை. இப்போது அவளுக்குக் கிடாயின் மயிரைப் பார்த்தும் வயிறு எரிந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஒருநாள் தாங்காமல் சுபாஸிடம் சொன்னாள்.

“இஞ்சரப்பா, உந்தக் கிடாய்க்கு என்ன மினுக்கம் பாத்தீங்களே.”

“நீயும் போய் நில்லன். உனக்கும் வாத்துவிடுவாள்” என்றான் சுபாஸ்.

அன்று அவனுக்கு ஆறின சோறுதான் கிடைத்தது.

அப்படி இருக்கும்போது ஒரு பின்னேரம் தனுசியா போனும் கையுமாக ஓடிவந்தாள். கனடாவில் மூலிகைச் சாமான்கள் விற்கிற ஒரு தமிழ்ப் பிள்ளை, கௌசிகா என்று பெயராம், பேஸ்புக்கில் தனுசியாவின் ஷாம்புவைப் பார்த்துவிட்டுப் போன் எடுத்திருக்கிறாள். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாளாம். பிடித்துக்கொண்டால் மாதாமாதம் அனுப்பலாமாம்.

“போத்தலிலை முயல் படம் ஒண்டும் போடுவினமாம்” என்று தனுசியா சிரித்தாள்.

“முயலோ? ஏன் முயல்?”

“மிருகங்களிலை சோதிச்சுப் பாக்கேல்லை எண்டதுக்கு அடையாளமாம். அங்கத்தைய சனம் அதைப் பாத்துத்தான் வாங்குவினமாம். முந்திக் கொம்பனியள் முயலைப் பிடிச்சுக் கண்ணுக்குள்ளை மருந்தெல்லாம் ஊத்திப் பாக்கிறவையாம், பாவம். நான் சொன்னன், எங்களிட்டை எங்கை முயல், நாங்கள் அப்பிடி ஒண்டும் செய்யிறேல்லை எண்டு.”

அவள் அதைக் கள்ளமில்லாமல் சொன்னாள். கண்ணில் மருந்து ஊற்றுவது சோதனை. கறுவலைக் கிணற்றடியில் கட்டி முழுக வார்ப்பது பராமரிப்பு. இரண்டும் ஒன்றாக முடியும் என்று அவளுடைய புத்திக்கு எட்டவேயில்லை. றஜிதாவுக்கு உடனேயே எட்டியது. பொறாமை பிடித்த மனதுக்கு மற்றவர்களின் பிழை கெதியாய்த் தெரியும். “கிடாயை மறந்துபோனியோ? அதை முதல் அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்து” என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லவில்லை. “நல்ல விசயம் தனு” என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சும்மா கிடந்த சருவச்சட்டியைக் கழுவினாள்.

அந்த மாதம் முழுக்க அவளுக்கு நித்திரை சரியில்லை. கனடாப் போத்தல் தனக்கு வரவேண்டியது என்று தோன்றியது. தான் கண்டுபிடித்தது, தன் தலையைக் கொடுத்துக் கண்டுபிடித்தது, கடைசியில் கிடாய் வளர்த்தவளுக்குப் போகிறது. நினைக்க நினைக்க நெஞ்சுக்குள் புளித்தது.

கௌசிகா வந்த அன்று அவள் ஏறிவந்த வான் ஒழுங்கைக்குள் நுழையவில்லை. நடந்து வந்தவளுக்கு முதலில் பட்டது றஜிதாவின் வேலிப் படலை. முப்பது வயதிருக்கும், வடிவான சின்னப் பிள்ளை. “தனுசியா அன்ரி வீடு எது?” என்று கேட்டாள்.

“பக்கத்து வீடுதான் பிள்ளை. வெயிலுக்குள்ளாலை வந்திருக்கிறீங்கள், தேசிக்காய்த் தண்ணி ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கோவன்.”

விறாந்தையில் இருத்தித் தண்ணி கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் புகழத் தொடங்கினாள்.

“தனுசியான்ரை சாமானைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் பிள்ளை. அவள் சும்மா காய்ச்சி விக்கிற ஆளில்லை. எதையும் முதல் கிடாய்க்கு வாத்துப் பாத்துத்தான் போத்தலிலை விடுவாள்.”

“கிடாய்க்கோ?”

“ஓம். ஒரு நாள் வைச்சுப் பாப்பாள். கிடாய் சொறிஞ்சால் அதை விக்கமாட்டாள். அவ்வளவு கவனம் அவளுக்கு.”

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கெட்ட சொல்லும் ஒன்றில்லை. றஜிதா இவ்வளவு மனம் நிறைந்து தனுசியாவை வாழ்நாளில் புகழ்ந்ததில்லை. கௌசிகா தம்ளரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழும்பினாள். றஜிதா செவ்வரத்தம் இலை ஆய்வது போல வேலியோரம் போய் நின்றுகொண்டாள்.

“அன்ரி, நீங்கள் கிடாயிலை சோதிச்சுப் பாக்கிறனிங்களா?” என்று கௌசிகா கேட்பது கேட்டது.

“சோதிக்கிறேல்லைப் பிள்ளை, முழுக வாக்கிறன்” என்றாள் தனுசியா. “அவனுக்கு ஒத்துக்கொண்டால்தான் சனத்துக்கு.”

“அதுதானே அன்ரி சோதனை. அவனுக்கு விருப்பமோ இல்லையோ எண்டு ஆர் கேட்டது?”

“விருப்பமில்லையெண்டால் முட்டுவான் பிள்ளை.”

பக்கத்தில் நின்ற செந்தூரன் சிரித்தான். கௌசிகா சிரிக்கவில்லை. “ஒருக்காலும் அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லையா?” என்று கேட்டாள்.

இந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். தனுசியாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுவும் றஜிதாவுக்கு அவள்மேல் இருந்த எரிச்சல்களில் ஒன்று. “போன வருசம் ஒருக்கால் தேசிக்காய்ப்புளி கூடிப்போச்சு” என்றாள். “காதடியெல்லாம் சிவந்து, கொஞ்ச மயிரும் கொட்டுண்டு, பாவம், நாலைஞ்சு நாள் வேலியிலை உரஞ்சிக்கொண்டு திரிஞ்சவன். நான் தேங்காயெண்ணெய் பூசிப் பூசித்தான் மாத்தினனான். இப்ப பாருங்கோ, மயிர் என்ன வடிவாய் வளந்திருக்கு.”

“அந்த ஷாம்பு ஆக்களுக்கு எரிக்காமல் இருக்கவேணும் எண்டு அவனுக்கு எரிஞ்சிருக்கு அன்ரி. அதிலை அவனுக்கு என்ன லாபம்?”

“இதென்ன பிள்ளை கதை” என்று செந்தூரன் குரலை உயர்த்தினான். “வெட்டித் திண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம், முழுக வாத்தால் குற்றமோ?”

“நான் இறைச்சியும் சாப்பிடுறேல்லை அங்கிள்.”

கௌசிகா குரலைத் தணித்து, மிருகத்தில் சோதிக்கவில்லை என்று தான் சனத்துக்குச் சத்தியம் பண்ணி விற்பதாகவும், அந்தச் சத்தியத்தை மாற்ற ஏலாது என்றும், இந்த வழக்கத்தை விட்ட பிறகு வேண்டுமென்றால் பார்ப்போம் என்றும் சொன்னாள்.

வேலியோரம் நின்ற றஜிதாவுக்குச் சந்தோசம் தொண்டை வரை வந்தது. அதை மறைக்கத் தேவையில்லை, வந்தது. ஆனால் காதடி சிவந்த கதையைக் கேட்டபோது லேஞ்சிக்குக் கீழே அவளுடைய மண்டைத் தோல் ஒருமுறை கூசியது. அந்த எரிவு எப்படியிருக்கும் என்று அந்த ஒழுங்கையில் தெரிந்த உயிர்கள் இரண்டுதான், தானும் அந்தக் கிடாயும். பாவம் என்று நினைக்கப் போனவள் பாதியில் நின்றாள். கிடாய்க்கு எண்ணெய் பூசிவிட ஆளிருந்தது. கிடாய்க்கு மயிர் திரும்பவும் முளைத்தது. பாவம் பார்க்க வந்த இடத்திலும் அவளுக்குப் பொறாமைதான் வந்தது.

கௌசிகா திரும்பிப் போகும்போது, றஜிதா வீட்டில் விட்டுப்போன குடையை எடுக்க வந்தாள். விறாந்தையில் அடுக்கியிருந்த போத்தல்களை அப்போதுதான் கவனித்தாள்.

“அன்ரி, நீங்களும் செய்யிறீங்களா?”

“ஓம் பிள்ளை. உவளுக்கும் நான்தான் பழக்கினனான்.”

“நீங்கள் எதிலை சோதிக்கிறனிங்கள்?”

இத்தனை வருசமாகத் தாயின் செத்தவீட்டில்கூட அவிழ்க்காத லேஞ்சி அது. மறுபக்கம் கனடாப் போத்தல். கை தானாகவே மேலே போனது. முடிச்சை அவிழ்த்தாள். முன் நெற்றியிலிருந்து உச்சி வரை தோல் வழுவழுவென்று, அங்கங்கே வடுவோடு வெயிலில் தெரிந்தது.

“ஐயோ அன்ரி” என்றாள் கௌசிகா. “இது இப்ப விக்கிறதாலையா?”

“இல்லைப் பிள்ளை, முதல் காய்ச்சினது. அதை அண்டைக்கே கொட்டித் தாட்டுப்போட்டன். இப்ப விக்கிறது வேறை.”

“பாவம், மிருகங்களுக்குச் செய்யக்கூடாது எண்டு உங்கடை தலையிலையே போட்டுப் பாத்தனிங்களா?”

உண்மையான பதில் சின்னது: என்னிடம் கிடாய் இல்லை. இருந்திருந்தால் கட்டாயம் அதற்குத்தான் வார்த்திருப்பாள், ஒன்றுக்கு இரண்டு தரம் வார்த்திருப்பாள். மிருகங்களைப் பற்றி அவள் அன்றைக்கு நினைக்கவேயில்லை.

“ஓம்” என்றாள்.

கௌசிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிப்பிடித்துக்கொண்டாள். உங்களைப் போல ஒருவரைத்தான் தேடினேன் என்றாள். போத்தல்களில் இரண்டைக் கையோடு எடுத்தாள். ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்துச் சரியென்றால் மாதாமாதம் எடுப்பதாகச் சொன்னாள். படலை வரை போனவள் திரும்பி, “உங்கடை கதையை லேபலிலை போடுவம் அன்ரி” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “படம் மட்டும் வேண்டாம்” என்றாள்.

ஆய்வுகூடம் சரியென்றது. றஜிதாவின் விறாந்தையில் புதுப் பாத்திரங்கள் வந்தன. உதவிக்கு இரண்டு பெண்களை வைத்தாள். சுபாஸ் ஓட்டோவில் பெட்டி ஏற்றி இறக்கினான். மிருகத்தைக் காப்பாற்றத் தன் தலையைக் கொடுத்தவள் என்று லேபலில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. வாசித்துச் சொன்ன சுபாஸ் அவளை ஒருமாதிரிப் பார்த்தான். “எப்ப தொடக்கம்?” என்று மட்டும் கேட்டான்.

தனுசியா வாழ்த்த வந்தாள். றஜிதா அவளுடைய முகத்தை உன்னிப்பாகப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து தான் பட்டதில் கால்வாசியாவது அந்த முகத்தில் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஒரு கோணல், ஒரு உதட்டுக் கடிப்பு, ஒன்றுமில்லை. “உனக்குக் கிடைச்சது எனக்கு ஆறுதல்” என்று சொல்லிவிட்டு, புதுப் பாத்திரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வெல்லுவதில் இப்படியும் ஒரு ஏமாற்றம் இருக்கும் என்று றஜிதா எதிர்பார்க்கவில்லை.

தனுசியா கறுவலுக்கு வார்ப்பதை நிறுத்திவிட்டாள். அதன் மயிர் மங்கியது, உண்ணி பிடித்தது. பார்க்க வருகிறவர்களும் குறைந்தார்கள். கிணற்றடிக்குத் தனுசியா போகும்போதெல்லாம் அது கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னால் போய் நிற்கும். அவள் தன் உடுப்பைத் தோய்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். இதையெல்லாம் றஜிதா பார்த்தாள். பாராமல் இருந்திருக்கலாம், வேலியில் அவ்வளவு ஓட்டை இருக்கவில்லை.

தீபாவளிக்கு முதல்நாள் தனுசியா வேலியடிக்கு வந்தாள்.

“நாளைக்குக் கறுவலைப் பங்கு போடப்போறம். உனக்கும் ஒரு பங்கு வைக்கட்டோ?”

தீபாவளிக்கு ஒரு கிடாயை வெட்டி ஒழுங்கைக்குள் பங்கு போடுவது அங்கே எல்லா வருசமும் நடப்பதுதான். பங்கு வேண்டாம் என்றால் உறவு வேண்டாம் என்று அர்த்தம்.

“ஏன் தனு, அவன் நிக்கட்டுமேன்.”

“நிண்டால் பிழையாம். அந்தப் பிள்ளை அடுத்த வருசம் வரேக்கை இவன் நிண்டால், இன்னும் இவனுக்குத்தான் வாக்கிறம் எண்டு நினைக்கும் எண்டு இவர் சொல்லுறார். எனக்கும் ஒருக்கால் அனுப்பிப் பாக்க விருப்பம்தானே.” அவள் கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “முட்டவும் மாட்டான், றஜி. அவனுக்கு என்னிலை அவ்வளவு நம்பிக்கை.”

அப்போதும் ஒரு சொல் போதும். நான்தான் போட்டுக்கொடுத்தேன், அந்தப் பிள்ளையோடு நானே கதைக்கிறேன், கிடாயை விடு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கனடாப் போத்தல் என்னவாகும் என்று றஜிதா யோசித்தாள். யோசித்து முடிய, “ஒரு பங்கு வை” என்றாள்.

தீபாவளி விடிய மாமரத்தின் கீழ் வாழையிலைகளை விரித்துப் பங்குகளை வைத்திருந்தார்கள். ஒழுங்கைச் சனம் சட்டிகளோடு நின்றது. தனுசியாவின் கண் வீங்கியிருந்தது. ஆனாலும் அவளே இருந்து, எலும்பும் தசையும் ஒருவருக்குக் கூடாமல் ஒருவருக்குக் குறையாமல் பிரித்துவிட்டாள். றஜிதா கடைசியாகப் போய்ச் சட்டியை நீட்டினாள்.

“கொஞ்சம் பொறு” என்று தனுசியா தன் வீட்டுப் பங்கிலிருந்து ஈரல் முழுவதையும் எடுத்து றஜிதாவின் இலையில் வைத்தாள்.

“ஏன் தனு, வேண்டாம்.”

“இல்லை, இது உனக்கு. அந்தப் பிள்ளை போகேக்கை சொன்னது, நீ என்னைப் பற்றி எவ்வளவு நல்லாச் சொன்னனீ எண்டு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் எண்டு சொன்னனியாம். அதே சாமானை விக்கிற வேறை ஒருத்தி அப்பிடிச் சொல்லுவாளே?” தனுசியா கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “நான் தான் இவ்வளவு காலமும் உன்னைப் பிழையாய் நினைச்சிருந்தனான், றஜி. உனக்கு என்னிலை எரிச்சல் எண்டு.”

றஜிதாவின் கண் பழக்கத்தில் மற்ற இலைகளின் பக்கம் போனது. ஒவ்வொன்றாகப் பார்த்தது. எல்லாவற்றிலும் பெரிய பங்கு அவளுடையதுதான்.